ஏழு விரல்

எட்மண்ட் அண்ணனின் இடது கை மோதிர விரலில் மேல் கணு போனது வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு. நான் மணி பார்க்கவில்லை. ஸ்கிரீன்தான் எழுதி வைத்திருந்தது: கன்வேயர் ஸ்டார்ட், 11.42. ஓனர் ஸ்ரீரங்கன் சார் அதை பிரின்ட் எடுத்து ஆபீஸ் மேஜையில் வைத்தார். பக்கத்தில் இன்னொரு தாள். "கவனக்குறைவாக ஸ்கிரீனைத் தொட்டுவிட்டேன். நடந்ததற்கு நானே பொறுப்பு." கீழே என் பெயர் டைப் அடித்து, அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கோகிலவாணி, ஆபரேட்டர்.

செவ்வாய்க்கிழமை ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். அதற்குள் அந்தத் தாள் ஃபைலில் இருக்க வேண்டும்.

"திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்மா. வேலையை விட்டுத் தூக்கமாட்டேன், பேக்கிங்ல போட்டுடறேன். ஆனா மெஷினே சொல்லுதே, நான் என்ன பண்றது?" என்றார் சார்.

மெஷின் ஒன்று சொன்னபிறகு மனுஷி சொல்வதை யார் கேட்பார்கள்?

திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் எங்களுடையது பவுடர் கோட்டிங் யூனிட். ஃபேன் மூடி, ஜன்னல் கிரில், சைக்கிள் கேரியர் என்று இரும்புச் சாமான் வரும். கொக்கியில் மாட்டினால் தலைக்கு மேலே ஓடும் சங்கிலி இழுத்துக்கொண்டு போகும். கூண்டுக்குள் வைத்துப் பெயின்ட் பவுடர் அடிப்போம். பிறகு இருநூறு டிகிரி ஓவனுக்குள் போய் வெந்து மறுபக்கம் பளபளவென்று வரும். அந்தச் சங்கிலிதான் கன்வேயர். அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு டச் ஸ்கிரீனில். பள்ளிக்கூட சிலேட்டு அளவு இருக்கும். ஆறு வருஷமாக அதற்கு முன்னால் நிற்பது நான். அதற்கு முன் முடிச்சூரில் வீடு கட்டுகிற இடங்களில் சித்தாள். கலவைச் சட்டி தூக்கிக் கழுத்து இறங்கிப்போனவளுக்கு, விரல் வைத்தால் சங்கிலி ஓடுவது முதல் ஒரு மாசம் வேலையாகவே தெரியவில்லை.

அன்றைக்கு ஓவன் வாசல் வளைவில் ஒரு கொக்கி சிக்கியது. ஸ்கிரீனில் தொட்டு நிறுத்தினேன். எட்மண்ட் அண்ணன்தான் எங்கள் ஃபிட்டர். ஸ்டூல் போட்டு ஏறிக் கொக்கியை நெம்பிக்கொண்டிருந்தார். மெயினை அணைக்கவில்லை. எப்போதும் அணைப்பதில்லை. மெயினை அணைத்தால் ஓவன் சூடு இறங்கிவிடும், திரும்ப ஏற முக்கால் மணி நேரம். ஸ்கிரீனில் நிறுத்திவிட்டுச் சங்கிலியில் கை வைப்பதுதான் எங்கள் ஷெட்டின் பழக்கம். திடீரென்று சங்கிலி ஓடியது. அண்ணன் போட்ட சத்தத்தில் ஸ்கிரீனுக்குக் கீழே இருக்கும் சிவப்பு பட்டனை உள்ளங்கையால் அடித்தேன். சங்கிலி நின்றபோது விரல் பல்சக்கரத்துக்குள் இருந்தது.

"நீ அங்கதானே நின்னுட்டிருந்தே?" என்று கேட்டார் சார்.

"ஆமா சார்."

"கை ஸ்கிரீன் கிட்ட இருந்துச்சு?"

"ஆமா சார்."

"தொடலன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

பவுடர் பறந்து ஸ்கிரீனில் படியும். என் கையில் எப்போதும் வேஸ்ட் துணி இருக்கும். ஒரு நாளைக்கு நூறு தடவையாவது துடைப்பேன், துடைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். பதினொன்று நாற்பத்திரண்டுக்குத் துடைத்தேனா? காலையில் வீட்டு வாசலை எந்தக் காலை முதலில் வைத்துத் தாண்டினாய் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் அண்ணனின் மனைவி டெபோரா அக்கா என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் மயக்க மருந்து இறங்காத குரலில், "ஏன் கோகிலா அமுக்கினே?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

அதிலிருந்து என் வலது கை எனக்கே ஆகாததாகிப் போனது. பஸ்ஸில் அதை அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். செல்போனை இடது கையால் தொட்டேன்.

திங்கட்கிழமை காலை மழைத் தூறலில் ஸ்கூட்டியில் மெட்டில்டா மேடம் வந்தார். ஸ்கிரீன் செய்து கொடுத்த கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர். சேலையூரில் வீடு, என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். ஜூலையில் ஒரு தடவை வந்திருக்கிறார். ரெயின்கோட்டைக் கழற்றி உதறிவிட்டு, "ஆபரேட்டர் யாரு?" என்றார்.

"பேக்கிங்ல இருக்காங்க," என்றான் எலக்ட்ரீஷியன் உதயா.

"கூப்பிடுங்க. அவங்க இல்லாம நான் என்ன பாக்கறது?"

உதயா முதலில் கன்வேயர் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கினான். இனிமேல் ஸ்கிரீன் என்ன சொன்னாலும் சங்கிலி ஓடாது, ஸ்டார்ட் பட்டன் மட்டும் பச்சையாக எரியும். மேடம் லேப்டாப்பை ஸ்கிரீனோடு இணைத்தார். லேப்டாப் முழுக்கக் கட்டம் கட்டமாக நம்பர். பூஜ்யம், ஒன்று, இரண்டு, பூஜ்யம்.

"இதாங்க்கா ஸ்கிரீன் உள்ளுக்குள்ள பாக்கறது. கண்ணாடிக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத கம்பி வலை இருக்கு. அதுல துளி கரன்ட் ஓடிட்டே இருக்கும். விரல் வெச்சா அதுல கொஞ்சத்தை விரல் இழுத்துக்கும். எங்க எவ்வளவு குறைஞ்சுதுன்னு இந்த நம்பர் சொல்லும். தொடுங்க பாக்கலாம்."

நான் இடது கையை நீட்டினேன்.

"நீங்க லெஃப்ட் ஹேண்டா?"

"இல்ல."

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். நான் வலது கையை எடுத்து வைத்தேன். நடுக்கட்டத்தில் தொண்ணூறு என்று வந்தது, அதைச் சுற்றி நாற்பது, முப்பது. பொட்டு வைத்த மாதிரி வட்டமாக இருந்தது என் விரல்.

"இப்ப துடைங்க. எப்பவும் எப்படித் துடைப்பீங்களோ அப்படி."

துடைத்தேன். துணிக்குள்ளிருந்த விரல்களின் நம்பர்கள் கூட்டமாக ஓடின. ஸ்டார்ட் பட்டன் எரியவில்லை. திரும்பத் துடைத்தேன். எரியவில்லை. வேகமாக, மெதுவாக, ஈரத்துணியால், பட்டன் மேலேயே அழுத்தி. முப்பது தடவை எண்ணினார் மேடம்.

"நகர்ந்துட்டே இருக்கற விரலை இது பட்டனா எடுத்துக்காது. அப்படித்தான் எழுதியிருக்கோம். துடைச்சதால ஓடலக்கா."

பின்னாலிருந்து சார் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாரோ. "முப்பத்தோராவது தடவை ஓடினா?"

மேடம் திரும்பிப் பார்த்தார். "ஓடலாம் சார். அதனாலதான் இன்னும் வீட்டுக்குப் போகாம இருக்கேன்."

சார் போனபிறகு என்னிடம் கேட்டார். "தானா ஏதாவது பண்ணிருக்கா இதுக்கு முன்னாடி? சின்னதா எதாவது?"

"டிக்குன்னு சவுண்டு வரும் மேடம். யாரும் தொடாமயே. ஒரு மாசமா கீது. பக்கம் மாறிக்கும், லைட்டு மாறிக்கும். சொன்னேன், பவுடரை நல்லாத் தொடைன்னாங்க."

"பேய் மேடம். இந்த அக்காவுக்கு பயந்துனு உள்ள ஒளிஞ்சுனு கீது," என்றான் உதயா.

"பேய் இல்ல, நாய்ஸ்."

"சவுண்டா?" என்றேன். "ஷெட்ல எப்பவும் இதே சவுண்டுதானே மேடம்."

அவர் சிரித்தார். "காதுல கேக்கற சவுண்டு இல்லக்கா. கரன்ட்ல வர்ற இரைச்சல். மோட்டார், சார்ஜர், ட்யூப்லைட்டுன்னு எல்லாம் கரன்ட்டைக் கொஞ்சம் கலக்கி விடும். அந்தக் கலங்கல் இந்த வலைக்குள்ள வந்தா, விரல் வந்துடுச்சுன்னு ஸ்கிரீன் ஏமாந்துடும். எதுல இருந்து வருதுன்னு பிடிக்கணும். அவ்வளவுதான் வேலை."

அவ்வளவுதான் என்று சொன்ன வேலை மூன்று மணி வரை இழுத்தது.

பதினொரு மணிக்கு முதல் தடவையாக அது வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஸ்கிரீனிலிருந்து பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தோம். டிக். லேப்டாப்பில் மேலிருந்து கீழ் வரை ஒரே கோட்டில் நம்பர்கள் எழுந்தன. முப்பது, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது. கண் சிமிட்டுவதற்குள் அடங்கிவிட்டன. மேடம் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். பதிவானதைத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"எண்ணுங்கக்கா. எத்தனை இடத்துல தொட்டதா சொல்லுது?"

"ஏழு."

"ஒரே செகண்ட்ல, ஒரே கோட்டுல, மேலயிருந்து கீழ வரைக்கும் ஏழு விரல். உங்களால வெக்க முடியுமா?"

என் கையைப் பார்த்தேன். "அஞ்சுதான் கீது மேடம்."

உதயா டீ புரையேறிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, நாலு நாள் கழித்து. ஆனால் சாரைக் கூட்டிக்கொண்டு வந்து அரை மணி நேரம் நிற்க வைத்தபோது ஒன்றும் வரவில்லை. பூஜ்யம், ஒன்று, பூஜ்யம்.

"லேப்டாப்ல ஒரு கோடு வந்துச்சுன்னு இன்ஸ்பெக்டர் கிட்ட சொல்ல முடியாதும்மா. எதனால வருதுன்னு சொல்லுங்க. எப்ப வேணாலும் வரவெச்சுக் காட்டுங்க. அப்ப நான் நம்பறேன்," என்றார் சார். அவர் சொன்னதில் தப்பில்லை.

மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினோம். கம்ப்ரெஸரை அணைத்தோம், கோடு வந்தது. பவுடர் கூண்டின் ஃபேனை அணைத்தோம், வந்தது. ஓவன் புளோயர், வாட்டர் கூலர், ட்யூப்லைட், உதயாவின் செல்போன் சார்ஜர் எல்லாம் போயின. அப்போதும் வந்தது. இரண்டு நிமிஷம் வராது, வரவே வராது போலிருக்கும், அப்புறம் டிக்.

"ஓவனையும் சேத்து மெயினையே எறக்கிடுங்க," என்றார் மேடம்.

உதயா என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். மெயினை இறக்குவதா? சாரைக் கேட்டுவிட்டு வந்து இறக்கினான். ஷெட் திடுமென்று வாயடைத்துப் போனது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் அப்போதுதான் காதில் பட்டது. மழை இருட்டில் ஸ்கிரீன் வெளிச்சமாக இருந்தது. அதற்குத் தனியாக யூ.பி.எஸ். பாட்டரி உண்டு, கரன்ட் போனாலும் ஓடும்.

டிக். ஏழு விரல்.

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உதயா, எல்லாத்தையும் அணைச்சாச்சா?"

"எல்லாம் அணைச்சாச்சு மேடம். தொடைச்சு வெச்ச மாதிரி கீது."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எங்க அம்மா மேல சத்தியம்."

மேடம் தன் பையிலிருந்து சின்ன பாட்டரி ஒன்றை எடுத்து, ஸ்கிரீனை யூ.பி.எஸ்ஸிலிருந்து பிடுங்கி அதில் இணைத்தார். பத்து நிமிஷம் காத்திருந்தோம். கோடு வரவில்லை. திரும்ப யூ.பி.எஸ்ஸில் போட்டார். வந்தது.

"யூ.பி.எஸ் வழியாத்தான் வருது. அதுவே கெட்டுப்போயிருக்கலாம். ஆபீஸ் எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணனும். மூணு நாள் ஆகும்."

மூன்று நாள். இன்ஸ்பெக்டர் நாளைக்கு வருகிறார். நான் கீழே கிடந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று தோன்றியது. போட்டால் என்ன, வேலை போகாது. பேக்கிங்கில் ஃபேன் மூடிக்குப் பேப்பர் சுற்றிக்கொண்டு காலத்தை ஓட்டலாம். ஆனால் டெபோரா அக்கா அந்தத் தாளைப் படிப்பார். அவருடைய பிள்ளைகள் படிப்பார்கள். எட்மண்ட் அண்ணன் தாம்பரம் மார்க்கெட்டில் எதிரே வந்தால், ஐந்து விரலும் இருக்கிற கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நிமிர்ந்தேன். எதிர்ச்சுவரில் பெருமாள் ஜொலித்துக்கொண்டிருந்தார்.

தினமும் பார்க்கிற படம்தான். ஆயுத பூஜைக்கு சார் புதுசாக வாங்கி மாட்டியது. முன்பு சீரோ வாட் பல்பு எரியும். இப்போது தலைக்குப் பின்னால் வட்டமாக எல்.ஈ.டி. சிவப்பாக எரியும், நீலமாக மாறும், மஞ்சளாகும், கடைசியில் எல்லா நிறமும் கலந்து படபடவென்று சக்கரமாகச் சுற்றும். சுற்றி முடித்துத் திரும்பச் சிவப்பு. பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு. நீலம். மஞ்சள். சக்கரம்.

டிக்.

இன்னொரு சுற்றுக்குக் காத்திருந்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள், சக்கரம். கோடு வரவில்லை. அதற்கடுத்த சக்கரத்தில் வந்தது. சக்கரம் சுற்றும்போதெல்லாம் வரவில்லை. ஆனால் வந்தபோதெல்லாம் சக்கரம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், மெயின் எறக்கியாச்சு இல்ல?"

"ஆமா."

"அப்ப பெருமாள் எப்படி எரியறாரு?"

"எரியறாருன்னு சொல்லாதக்கா!" என்றான் உதயா பதறிப்போய்.

மேடம் மெதுவாகத் திரும்பினார். ஸ்கிரீனை விட்டால் இருட்டு ஷெட்டில் அது ஒன்றுதான் வெளிச்சம். காலையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தபடிதான் நின்றிருந்தோம்.

"உதயா, அது எங்கயிருந்து வருது?"

"யூ.பி.எஸ்ல இருந்து இழுத்தேன் மேடம். கரன்ட் போனாலும் சாமி விளக்கு நிக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு."

"எல்லாத்தையும் அணைச்சாச்சுன்னீங்களே! அம்மா மேல சத்தியம் வேற பண்ணீங்க!"

"அணைக்கறதை எல்லாம் அணைச்சேன் மேடம்." அவன் நிஜமாகவே புரியாமல் பேசினான். "அது சாமி விளக்காச்சே. அதைப் போய் யாராச்சும் அணைப்பாங்களா?"

மேடம் ரொம்பப் பொறுமையாக, "போய் சாரைக் கூப்பிடுங்க," என்றார்.

சார் வந்து எல்லாவற்றையும் கேட்டார். முகம் சுருங்கியது. "விளக்கை அணைக்கணும்னு சொல்றீங்க."

"ரெண்டு நிமிஷம் சார்."

"அணைக்கறதுங்கற வார்த்தையே அங்க நின்னு சொல்லாதீங்கம்மா. மலையேத்தறதுன்னு சொல்லணும்."

"சரி சார். மலையேத்திட்டுப் பாப்போம்."

உதயா இரண்டடி பின்னால் போனான். நானும் கிட்டே போகவில்லை. மேடம் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், அவர் கை வைத்தால் பேச்சு வேறு மாதிரி போகும். கடைசியில் சாரே செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் ஏறினார். எட்மண்ட் அண்ணன் ஏறிய அதே ஸ்டூல். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடாப்டரைப் பிடுங்கினார்.

பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். ஐந்து நிமிஷம் போனது. பத்து நிமிஷம் போனது. லேப்டாப்பில் நம்பர்கள் குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தன.

"இப்ப மாட்டுங்க சார்."

மாட்டினார். சிவப்பு, நீலம், மஞ்சள், சக்கரம். மூன்றாவது சக்கரத்தில் டிக் என்று ஏழு விரல் எழுந்தது. பிடுங்கினார், அடங்கியது. மாட்டினார், வந்தது. நாலாவது தடவை மாட்டியபோது ஸ்கிரீனில் ஸ்டார்ட் பட்டன் தானாகப் பச்சையாக எரிந்தது. ஸ்கிரீனுக்குப் பத்தடிக்குள் ஆள் இல்லை. என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

சார் ஸ்டூலில் நின்றபடியே அந்தப் பச்சையைப் பார்த்தார். ஃபியூஸும் மெயினும் இருந்திருந்தால் இப்போது சங்கிலி ஓடியிருக்கும். மெதுவாக இறங்கினார். இறங்கும்போது கை சங்கிலியில் படப்போனது. சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"பெருமாளே," என்றார்.

"பெருமாள் மேல தப்பில்ல சார். அந்த அடாப்டர் மேலதான்," என்றேன்.

மேடம் அடாப்டரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். பெயர் ஊர் எதுவும் இல்லாத சரக்கு. "இதுக்குள்ள கரன்ட்டைச் சுத்தம் பண்ற பார்ட் எதுவும் போட்டிருக்க மாட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இன்னொரு தப்பு என்னோடது சார்," என்றார்.

அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஜூலைல வந்தப்போ, கிளவுஸ் போட்டுட்டுத் தொட்டா எடுக்கலன்னு இந்த அக்கா சொன்னாங்க. அறுபதுக்கு மேல வந்தாத்தான் விரல்னு இருந்ததை நான் இருபத்தஞ்சாக் குறைச்சேன். ஸ்லோவா இருக்குன்னாங்க. நாலு தடவை பார்த்து நாலுலயும் இருந்தா விரல்னு இருந்ததை ஒரு தடவையா மாத்தினேன். அறுபதாவே விட்டிருந்தா இந்த முப்பது உள்ளயே வந்திருக்காது. நாலு தடவை பார்த்திருந்தா ஒரு சிமிட்டல்ல போறதை நம்பியிருக்காது. ரிப்போர்ட்ல அதையும் எழுதறேன்."

"உங்க கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றார் சார்.

"சொல்லுவாங்க. சொல்லட்டும்."

கேட்டது நான். குறைத்தது அவர். விளக்கை மாட்டியது சார், அதற்கு ஒயர் இழுத்தது உதயா. இவ்வளவு பேர் சேர்ந்து செய்ததற்கு ஒற்றைக் கையெழுத்து கேட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அமுக்கவில்லை. உள்ளுக்குள் அது மட்டும்தான் திரும்பத் திரும்ப ஓடியது. நான் அமுக்கவில்லை. திரும்ப அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மேடம் அறுபதைத் திரும்ப வைத்தார், நாலு தடவையைத் திரும்ப வைத்தார். ஸ்டார்ட் பட்டனை இரண்டு செகண்ட் அமுக்கிப் பிடித்தால்தான் ஓடும் என்று மாற்றினார். "கிளவுஸைக் கழட்டிட்டுத்தான் தொடணும்க்கா. கஷ்டம்தான்."

"கழட்டறேன் மேடம்."

சார் இன்னும் விளக்கைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். "அப்ப பழைய பல்பையே போட்டுடலாம் இல்ல? வேற லைன்ல?"

"தாராளமா சார்."

"நல்லவேளை. விளக்கில்லாம விட முடியாது. அதை மட்டும் அணைக்க..." நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. "விளக்கைத்தான் சார் அணைக்கக் கூடாது. கன்வேயரை அணைக்கலாம் இல்ல? சங்கிலில ஆள் கை வெக்கறப்போ மெயினை எறக்கினா எந்த சாமியும் கோவிச்சுக்காது."

உதயா தரையைப் பார்த்தான். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நாலு தடவை துடைத்திருப்பார்.

"ஓவன் சூடு இறங்கிடுமே," என்றார். பிறகு, யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால், "இறங்கட்டும்," என்றார். "உதயா, கன்வேயருக்குத் தனியா ஒரு மெயின் ஸ்விட்ச் போட முடியுமா? பூட்டுப் போடற மாதிரி?"

"ஆறு வருஷமா போட முடியும் சார்," என்றான் உதயா. இவனுக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ.

ஆபீஸில் சார் அந்தத் தாளை எடுத்தார். "கிழிச்சுடறேன்மா."

"குடுங்க சார். நானே கிழிக்கறேன்."

வலது கையால் வாங்கினேன். இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்தேன். மேடம் ரிப்போர்ட்டில் எழுதியதை சார் வாய்விட்டுப் படித்தார்: ஆபரேட்டர் தொடாமலேயே ஸ்டார்ட் கட்டளை பதிவாவது நேரில் காட்டப்பட்டது. 'நேரில்' என்ற சொல்லைத் திரும்ப ஒரு தடவை படித்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டு ஒரு நகல் என்னிடம் கொடுத்தார். மன்னிப்பு என்று தனியாக எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. "நாளைக்கு உன் இடத்துக்கு வந்துடு," என்றார்.

மேடம்தான் ஸ்கூட்டியில் இரும்புலியூரில் எட்மண்ட் அண்ணன் வீடு வரை கொண்டுவந்து விட்டார். "நானும் வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கிளம்பும்போது, "ஏழு விரலைச் சொல்லுங்க, அவருக்குப் புரியும்," என்றார்.

டெபோரா அக்காதான் கதவைத் திறந்தார். திறந்தவர் வழி விடவில்லை. நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். அக்கா ஸ்கூல் டீச்சர், நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்து முடித்தும் நிமிரவில்லை.

"ஜெபத்துல உன் பேரைச் சொல்லித் திட்டினேன்டி, நாலு நாளும்," என்றார்.

"சாமி கேட்டிருக்காதுக்கா. அங்கயும் நாய்ஸ் இருக்கும்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் கதவை விட்டு நகர்ந்தார்.

எட்மண்ட் அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை வெள்ளைப் பொட்டலமாகத் தலையணை மேல் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு விரலைச் சொன்னதும், "எனக்கு ஒன்பதரை. ரெண்டும் சேந்தா பதினாறரை. கணக்கு எங்கயோ இடிக்குது," என்றார்.

சிரித்தோம். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "நீ அமுக்கினேன்னு நான் நெனச்சது இன்னாத்துக்குத் தெரியுமா? நீ அமுக்கலன்னா, மெயினை எறக்காம ஸ்டூல்ல ஏறினது நான்னு ஆயிடும். சார் ஏறச் சொல்லல அன்னிக்கு. நானேதான் ஏறினேன். முக்கா மணி நேரம் வேஸ்டாப் போவுமேன்னு." பொட்டலத்தைப் பார்த்தார். "உன் மேல போட்டா கொஞ்சம் லேசா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் லேசாத்தான் கீது. இது வேற மாதிரி."

டெபோரா அக்கா காபி கொண்டுவந்தார். இன்னொரு கையில் நகவெட்டி. "வலது கை நகம் வளந்து கெடக்கு. அவரால வெட்டிக்க முடியல. எனக்கு அவர் விரல் கிட்ட எதைக் கொண்டுபோனாலும் கை நடுங்குது. நீ வெட்டி விடேன்."

நகவெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே பார்த்தேன். மழை விட்டிருந்தது, தெருவிளக்கு வந்துவிட்டது. "விளக்கு வெக்கற நேரம்க்கா. இப்ப நகம் வெட்டக் கூடாது."

"திரும்பவும் விளக்கா?" என்றார் அண்ணன். "எங்க வூட்ல அந்த விளக்கெல்லாம் கெடையாது. வெட்டு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காய்த்துப்போன கை. நகக்கண்ணில் பழைய கிரீஸ். கட்டை விரலில் நகவெட்டியை வைத்தேன்.

"பாத்து," என்றார்.

"தெரியும், சும்மா இருங்கண்ணா."

டிக்.